இம்பெல்லரை முதலில் அறுத்துப் பாருங்கள்

கேள்வி: கோவை கணபதியில் அப்பா தொடங்கிய பம்ப் பட்டறையை நடத்திவருகிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். 1 எச்.பி. முதல் 5 எச்.பி. வரை மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த மோனோபிளாக் பம்புகள் செய்கிறோம். மின்செலவு குறைவான புதிய 3 எச்.பி. பம்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். போட்டியாளர்கள் நட்சத்திர முத்திரையுடன் விற்கிறார்கள். பேட்டர்ன் (வார்ப்புக்கான மர உரு) செய்து, வார்த்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி பேட்டர்னைத் திருத்துவது எங்கள் வழக்கம். நான்கைந்து சுற்று போனால் எட்டு மாதம் ஓடிவிடும். எம்.இ. முடித்து வந்திருக்கும் மகள், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம், மாதிரியே வார்க்க வேண்டாம் என்கிறாள். மென்பொருள் விற்பவர் ஒருவர் வந்து வண்ணப் படங்கள் காட்டினார். ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் இருக்கிறது. 30 வருடமாக எங்களோடு இருக்கும் பேட்டர்ன் ஆசாரியோ, 'தண்ணீருக்குப் படம் பார்க்கத் தெரியாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உளி தீட்டப் போய்விட்டார். யார் பேச்சைக் கேட்பது? மென்பொருளை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் மகள் சொல்வதை இந்த மாதமே செய்து பார்க்கத் தொடங்குங்கள். இரண்டும் எப்படிச் சேரும் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒரு கணக்கு.

உங்கள் பம்பின் அளவுகளை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். பரவாயில்லை, 24 மீட்டர் ஹெட்டில் நொடிக்கு 6 லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படுவது 1.41 கிலோவாட். மின்மீட்டர் 2.8 கிலோவாட் காட்டினால், கொடுத்ததில் பாதி நடுவழியில் தொலைந்துபோகிறது. எங்கே தொலைகிறது? மோட்டாரின் செயல்திறன் 80 சதவீதம் என்றால் ஷாஃப்டுக்கு வந்து சேருவது 2.24 கிலோவாட், அதுதான் உங்கள் 3 எச்.பி. அதில் 1.41 தண்ணீருக்குப் போகிறது. ஆக, பம்பின் செயல்திறன் 63 சதவீதம். இதை 68 ஆக்கினால் மீட்டர் 2.6-க்கு இறங்கும், 200 வாட் மிச்சம். பம்பைத் தொடாமல் மோட்டாரை 80-லிருந்து 84 ஆக்கினாலும் 130 வாட் மிச்சமாகும். அதற்கான வழி ஸ்டாம்பிங் தகட்டின் தரத்திலும் செம்பின் எடையிலும் இருக்கிறது. தண்ணீரின் ஓட்டத்தைப் படம் போடும் மென்பொருளில் இல்லை. உங்கள் பட்டறையில் மோட்டாரைத் தனியாகவும் பம்பைத் தனியாகவும் அளந்து வைத்திருக்கிறீர்களா? மோனோபிளாக் செய்பவர்களில் பலர் அளப்பதில்லை. இரண்டும் ஒரே ஷாஃப்டில் இருப்பதால் ஒரே எண்ணாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். எந்தப் பக்கம் ஓட்டை என்று தெரியாமல் எந்த மென்பொருள் வாங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை.

(இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். 200 வாட் மிச்சம் என்றால் கிணற்றுக்குப் பம்பு வாங்க வருகிறவர் முகம் மலராது. அடுக்குமாடிக் குடியிருப்பு, ஆலை, டெண்டர், வெளிமாநிலம் என்று யாருக்காக இந்தப் பம்பு என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.)

இனி உங்கள் கேள்வி. பொருளை வார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் ஒன்றைக் கட்டி, அதை ஓட்டியும் அழுத்தியும் சூடாக்கியும் பார்ப்பதை மெய்நிகர் முன்மாதிரி என்கிறோம். பட்டறைகளில் சிமுலேஷன் என்ற சொல்தான் புழங்குகிறது. ஒரே பெயரில் மூன்று நான்கு வெவ்வேறு வேலைகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்பது வேறு வேறு. விற்க வருகிறவர் இவற்றைப் பிரித்துச் சொல்ல மாட்டார்.

போயிங் 777 விமானத்தின் கதையை அவர் சொல்லியிருப்பார்; எல்லோரும் சொல்வார்கள். அது வரைபலகை இல்லாமல், முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் வரையப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம். அதற்கு முன்பெல்லாம் குழாயும் கம்பியும் தகடும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே முழு அளவு மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். 777-க்கு அந்த முழு மாதிரியைக் கைவிட்டார்கள். விமானம் 1994 ஜூன் 12 அன்று பறந்தது. கதையின் மீதிப் பாதி இது: கம்ப்யூட்டர் சொன்னது சரிதானா என்று பார்க்க மூக்குப் பகுதியை மட்டும் நிஜமாகவே ஒருமுறை கட்டினார்கள். அது பொருந்திய பிறகுதான் மற்ற மாதிரிகள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். 1995-இல் அதே விமானத்தின் நிஜ இறக்கையை ஒடியும்வரை வளைத்தும் பார்த்தார்கள். பாகங்கள் பொருந்துகின்றனவா என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டரை நம்பினார்கள். எவ்வளவு சுமையில் ஒடியும் என்ற கேள்விக்குக் கணக்கும் போட்டார்கள், ஒடித்தும் பார்த்தார்கள்.

உங்கள் பட்டறையிலும் அப்படித்தான். பொருந்துகிறதா, இடிக்கிறதா, சீல் உட்காருகிற இடத்தில் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் நுழையுமா என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். அதற்கு லட்சங்கள் தேவையில்லை. ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் மகளுக்கு இரண்டு வாரத்தில் கை வந்துவிடும். கேசிங் என்னும் வெளிக்கூடு வார்த்து வந்தபிறகு, குழாயை இணைக்கும் ஃபிளான்ஜ் விளிம்பின் துளை கேசிங்கின் வலுவூட்டும் விலாவில் போய் மோதுகிறது என்று கண்டுபிடித்து அரத்தை எடுக்கிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது இதோடு நின்றுவிடும்.

தண்ணீரின் ஓட்டம் அப்படியல்ல. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்பு நிறுவனத்துக்காக, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஒன்றை வடிவமைத்தேன். வெளிவிட்டம் 145 மில்லிமீட்டர், 6 இறகுகள், ஒவ்வொரு இறகும் 3 மில்லிமீட்டர் தடிமன். கம்ப்யூட்டரில் அது ஓடிய அழகைச் சொல்லி மாளாது. நீலத்திலிருந்து பச்சை, பச்சையிலிருந்து மஞ்சள் என்று ஓட்டம் வழுக்கிக்கொண்டு போயிற்று. வார்த்து வந்தது. டெஸ்ட் பெட் என்னும் சோதனை மேடையில் ஏற்றினால் டிஸ்சார்ஜ் (வெளிவரும் நீரின் அளவு) வரவில்லை. வால்வைத் திறக்கத் திறக்க ஹெட் சரிந்தது. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், பிழை இல்லை. மூன்றாம் நாள் அங்கிருந்த ஃபிட்டர் ஒருவர், என்னைக் கேட்காமலேயே, அந்த இம்பெல்லரைப் பவர் ஹேக்ஸாவில் குறுக்கே அறுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வெர்னியரை எடுத்து அளந்தேன். இறகுத் தடிமன் 4.5 மில்லிமீட்டர்.

ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தண்ணீர் நுழைகிற இடத்தில் கணக்குப் போடுங்கள். அங்கே விட்டம் 64 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 200. இறகு நேராக நிற்பதில்லை. 20 பாகை சரிவில் படுத்திருக்கிறது. அதனால் 3 மில்லிமீட்டர் இறகு சுற்றளவில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டரை அடைத்துக்கொள்ளும். ஆறு இறகுகளும் சேர்ந்து 53 மில்லிமீட்டர். அதாவது வாசலில் கால்பங்குக்குச் சற்று மேல். தடிமன் 4.5 ஆனால் அடைபடுவது 79 மில்லிமீட்டர். வாசலில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. நான் கம்ப்யூட்டரில் ஓட்டியது ஒரு இம்பெல்லர், டெஸ்ட் பெட்டில் ஓடியது இன்னொரு இம்பெல்லர். மெல்லிய இறகு வார்க்கும்போது நிரம்பாமல் போகும் என்று பேட்டர்ன் செய்தவர் தன் அனுபவத்தில் கோர் பாக்ஸில் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் கருவை, அதாவது கோரைச் செய்யும் பெட்டி) தடிமனைக் கூட்டியிருந்தார். அவர் செய்தது அவர் நோக்கில் சரி. என்னிடம் சொல்லவில்லை; நானும் அவரிடம் போய்க் கேட்டதில்லை.

உங்கள் ஆசாரியின் ஒற்றை வரியை நினைத்துச் சிரித்தேன், ஆனால் தள்ளிவிடவில்லை. மணலில் வார்த்த இம்பெல்லரின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். கோர் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகும். இம்பெல்லரின் முதுகுப்புறம் தண்ணீரைச் சும்மா கடைந்துகொண்டிருக்கும். இவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்க்கலாம். ஆனால் அவசரத்தில் வரைகிறவர்கள் சேர்ப்பதில்லை. அதனால்தான் கம்ப்யூட்டர் பம்புகள் எல்லாம் நிஜப் பம்புகளைவிடக் கெட்டிக்காரப் பம்புகளாக இருக்கின்றன. திரை 72 சதவீதம் என்று காட்டினால் டெஸ்ட் பெட்டில் 66 வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்படியானால் எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். வித்தியாசம் காட்டுவதில் கம்ப்யூட்டர் வல்லது. இந்த இம்பெல்லரின் செயல்திறன் எவ்வளவு என்று கேட்டால் அது சொல்லும் எண்ணை எச்சரிக்கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். இதுவா அதுவா, எது மேல் என்று கேட்டால் அது சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். சொரசொரப்பும் கசிவும் இரண்டு வடிவத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், ஒப்பிடும்போது அந்தப் பிழைகளில் பெரும்பகுதி கழிந்துபோகிறது. எட்டு வடிவங்களை வரைந்து, கம்ப்யூட்டரில் ஓட்டி, ஆறைத் தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய இரண்டுக்கு மட்டும் பேட்டர்ன் செய்வதுதான் உங்களுக்கு ஏற்ற வழி. உங்களுடைய நான்கைந்து சுற்று இரண்டாகலாம். பூஜ்யம் ஆகாது.

ஆனால் புதிய பம்பில் தொடங்காதீர்கள். இப்போது விற்பனையில் இருக்கும் பழைய 3 எச்.பி. பம்பில் தொடங்குங்கள். அதை ஓட்டிப் பார்த்த அளவுகள் உங்களிடம் இருக்கின்றன. அதே பம்பைக் கம்ப்யூட்டரில் கட்டி, ஐந்தாறு டிஸ்சார்ஜ்களில் ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். கம்ப்யூட்டரின் கோடு நிஜக் கோட்டுக்குச் சற்று மேலே, ஆனால் அதன் கூடவே ஒரே சாய்வில் போனால், சேர்க்காமல் விட்ட கசிவும் உராய்வும்தான் காரணமாக இருக்கும். அந்த முன்மாதிரியை வைத்து மேலே போகலாம். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கினால், வரைபடத்தில் எதுவோ தவறு. அதைக் கண்டுபிடிக்கும்வரை புதிய பம்பு என்ற பேச்சே வேண்டாம். வால்வை ஏறக்குறைய மூடிவிட்ட நிலையில் மட்டும் இரண்டும் கொஞ்சம் விலகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் உள்ளேயே சுழன்று அலைவதால் சாதாரணக் கணக்குக்குப் பிடிபடாது. ஆனால் கிணற்றுப் பம்பு செய்கிறவர் அந்த நிலையை மறந்துவிடவும் கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க ஹெட் கூடிக்கொண்டே போகும். பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஒரே புள்ளியில் ஆண்டு முழுவதும் ஓடுகிற பம்பை நான் பார்த்ததில்லை.

டெஸ்ட் பெட்டையும் சும்மா விட வேண்டாம். அழுத்தமானியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? டிஸ்சார்ஜைத் தொட்டியில் பிடித்து ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறீர்கள் என்றால், ஒரே பம்பை ஒரே நாளில் மூன்று முறை அளந்து மூன்று விடைகளையும் எழுதுங்கள். அவற்றுக்குள்ளேயே 3 சதவீதம் முன்பின் இருந்தால், 2 சதவீத முன்னேற்றம் வந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கோவையிலேயே சிடார்க் போன்ற பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஒரு பம்பை அங்கே ஓட்டி, அதே பம்பை உங்கள் டெஸ்ட் பெட்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். இந்தத் தொழிலில் நான் கொடுத்த ஆலோசனைகளில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டது இதுதான்.

கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் வலைக்கண்ணி. கம்ப்யூட்டர் பொருளைச் சின்னச் சின்னக் கண்ணிகளாக வெட்டித்தான் கணக்குப் போடுகிறது. கண்ணி பெரிதாக இருந்தால் விடை சீக்கிரம் வரும், தவறாகவும் வரலாம். நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடைக்குக் கான்கிரீட் அடித்தளம் கட்டினார்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவாங்கர் அருகே சோதனைக்காக நீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது சுவர் பிளந்து மொத்தமும் மூழ்கிப்போயிற்று. விசாரித்தபோது, சுவர்கள் சந்திக்கும் மூலையில் கண்ணிகள் சரியாக அமையாததால் அங்கு வரும் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கான்கிரீட் சுவரை மெல்லியதாகக் கட்டிவிட்டார்கள். பிறகு நுணுக்கமான கண்ணி போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். இந்தக் கதையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கணக்குப் போடும் முறை சரியாகத்தான் இருந்தது. சரியாகக் கேட்டபோது அதற்கு விடை தெரிந்திருந்தது.

ஆகவே உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: ஒரு விடை வந்ததும் கண்ணியைப் பொடியாக்கி மறுபடி ஓட்ட வேண்டும்; விடை நகர்ந்தால் இன்னும் பொடியாக்கி மறுபடி ஓட்ட வேண்டும். நகர்வது நின்றபிறகுதான் அப்பாவிடம் காட்ட வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டத்தைக் கணிக்கும் இந்தக் கலைக்கு சி.எஃப்.டி. (கம்ப்யூட்டேஷனல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ்) என்று பெயர். அதை 'கலர்ஸ் ஃபார் டைரக்டர்ஸ்' என்று விரித்து எங்களுக்குள் கேலி செய்துகொள்வோம். சிவப்பாக இருந்தால் ஆபத்து என்று முதலாளிகள் பதறுவார்கள். சிவப்பு என்பது அந்தப் படத்தில் உள்ள மிகப்பெரிய எண், அவ்வளவுதான். அது 2 ஆகவும் இருக்கலாம், 2,000 ஆகவும் இருக்கலாம். யார் படம் காட்டினாலும் ஓரத்தில் இருக்கும் அளவுப் பட்டையைப் பார்த்து, சிவப்புக்கு நேரே என்ன எண் போட்டிருக்கிறது, என்ன அலகு என்று கேளுங்கள். இரண்டு படங்களை ஒப்பிடச் சொன்னால், இரண்டிலும் ஒரே அளவுப் பட்டைதானா என்று பாருங்கள். இதைக் கேட்டதுமே பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

உங்கள் பட்டறைக்கு உடனடியாகக் காசு மிச்சப்படுத்தக்கூடிய சிமுலேஷன் வேறொன்று இருக்கிறது. அது பவுண்டரிப் பக்கம். கேசிங்கின் நாக்குப் பகுதியிலும் ஃபிளான்ஜ் சேரும் இடத்திலும் இரும்பு கனமாக இருக்கும். அங்கே கடைசியாக உறையும். ஊட்டம் போதாவிட்டால் உள்ளே சுருங்கிக் குழி விழும். லேத்தில் ஏற்றித் தோல் சீவிய பிறகுதான் அது கண்ணில் படும். அதற்குள் வார்ப்புக் கூலியோடு கடைசல் கூலியும் போயிருக்கும். உருகிய இரும்பு எங்கே முதலில், எங்கே கடைசியில் உறைகிறது என்பது வெப்பக் கணக்கு. பம்புக்குள் சுழலும் தண்ணீரைவிட எவ்வளவோ சாதுவான கணக்கு. சுருங்கும் இடத்துக்கு உருகிய இரும்பை ஊட்டும் ரைசரை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதை இதில் பார்த்துவிடலாம். இதை மென்பொருள் வாங்காமல், ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செய்துகொள்ளலாம். உங்களுக்கு வார்த்துத் தரும் பவுண்டரியிடமே கேட்டுப் பாருங்கள். ஈரக் கோரிலிருந்து எழும் வாயுவால் விழுகிற துளைகளுக்கு மட்டும் இதில் தீர்வு எதிர்பார்க்க வேண்டாம். கோரைச் சரியாகச் சுடாமல் போட்டது யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மாதிரியே வேண்டாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டும். நட்சத்திர முத்திரை ஆனாலும், ஐ.எஸ். 9079 தரச்சான்று ஆனாலும், ஓடுகிற பம்பைச் சோதித்த அறிக்கைதான் கேட்பார்கள். திரையில் ஓடியதைக் காட்டி வாங்க முடியாது. ஆனால் எல்லா மாதிரியும் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டியதில்லை. மிஞ்சிய இரண்டு வடிவங்களை முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் இம்பெல்லராக எடுத்து, இப்போதிருக்கும் கேசிங்கில் மாட்டி, டெஸ்ட் பெட்டில் சில மணி நேரம் ஓட்டலாம். இந்த அளவு இம்பெல்லருக்கு நிமிடத்துக்கு 2,880 சுற்று வேகத்தில் வரும் விசையை நல்ல பிளாஸ்டிக் தாங்கும். ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்காடியை மட்டும் நம்பாமல் நடுவில் உலோகப் புஷ் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். அச்சில் வந்ததன் உட்புறம் மணல் வார்ப்பைப் போல இருக்காது என்பதால் இங்கேயும் ஒப்பீடு மட்டும்தான், இறுதி எண் அல்ல. ஆனாலும் பேட்டர்னில் கை வைப்பதற்கு முன்பே நிஜத் தண்ணீரின் பதில் கிடைத்துவிடும். உங்கள் ஆசாரிக்கும் இது பிடிக்கும்.

அவரை இந்த வேலையின் நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்தில் அல்ல. மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் அளவுகோலைப் பாருங்கள். அது ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அளவுகோல் அல்ல. வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்காக, ஒரு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வீதம் நீட்டி அடித்த சுருக்க அளவுகோல். உங்கள் மகள் பழைய பேட்டர்னைச் சாதாரண ஸ்கேலில் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் எல்லா அளவும் 1 சதவீதம் கூடிப்போகும். பம்பு விதிப்படி ஹெட் 2 சதவீதமும் டிஸ்சார்ஜ் 3 சதவீதமும் கூடும். நீங்கள் மாதக்கணக்கில் தேடும் முன்னேற்றம் ஒரு மரக்கோலின் தவறில் திரையில் வந்து நிற்கும். எல்லோரும் லட்டு சாப்பிட்டுவிடுவீர்கள்.

இப்படி இரண்டு கைகளில் இரண்டு அளவு இருப்பது சின்னப் பட்டறைகளுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்குள் ஓடும் கம்பிகளின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ஹாம்பர்கில் இருந்தவர்கள் ஒரே மென்பொருளின் பழைய பதிப்பில் வரைந்தார்கள், துலூஸில் இருந்தவர்கள் புதிய பதிப்பில் வரைந்தார்கள். கம்பிக் கட்டுகள் துலூஸுக்கு வந்து சேர்ந்தபோது நீளம் போதவில்லை. 2006-இல் விமானங்களை ஒப்படைக்கும் தேதிகள் அடுத்தடுத்துத் தள்ளிப்போனதற்கு அது பெரிய காரணம். ஆகவே கம்ப்யூட்டரில் உள்ள இம்பெல்லர், மரத்தில் உள்ள இம்பெல்லர், பவுண்டரியில் கிடக்கும் கோர் பாக்ஸ் ஆகிய மூன்றுக்கும் ஒரே திருத்த எண்ணைச் சாக்பீஸில் எழுதும் வழக்கத்தை முதல் நாளே கொண்டுவாருங்கள். ஆசாரி உளியால் ஒரு இழை எடுத்தாலும் மகளிடம் சொல்ல வேண்டும். மகள் ஒரு கோட்டை நகர்த்தினாலும் அவரிடம் சொல்ல வேண்டும்.

மென்பொருள் விலைக்கு வருவோம். ஓப்பன்ஃபோம் என்ற ஓட்டக் கணக்கு மென்பொருள் 2004-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. மோட்டாரின் காந்தப்புலத்தைப் பார்ப்பதற்கு ஃபெம் (FEMM) என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். இலவசம் என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஓப்பன்ஃபோம் பழக ஆறு மாதமாவது ஆகும், முதல் இரண்டு மாதம் உங்கள் மகள் திட்டிக்கொண்டே இருப்பார். விலைகொடுத்து வாங்குவது அந்தச் சிரமத்தைக் குறைக்கும், தீர்ப்பைக் கூர்மையாக்காது. ஆண்டுக்கு ஒரு புதிய பம்பு கொண்டுவருகிற பட்டறைக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுப்படியாகாது. நல்ல நினைவகம் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று வாங்குங்கள். அந்தப் பணம் வீண்போகாது. மகளுக்குக் கை பழகும்வரை, அவசர வேலையை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

அந்த விற்பனையாளர் மறுபடி வருவார். வரட்டும், காபி கொடுங்கள். பழைய பம்பின் வரைபடத்தை அவரிடம் கொடுத்து, ஐந்து டிஸ்சார்ஜ்களில் ஹெட்டும் மின்செலவும் எவ்வளவு வரும் என்று கணித்துத் தரச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்த்த அளவுகளை மட்டும் மேசை இழுப்பறைக்குள் பூட்டி வையுங்கள். அளவுகளைக் கொடுத்தால்தான் முடியும் என்று சொன்னால், விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் இடைவெளி அளவு என்ன, உட்புறச் சொரசொரப்பு எவ்வளவு, மோட்டார் இழப்பு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால், அவரிடம் தொடர்ந்து பேசலாம்.

அவர் வருவதற்குள் உங்களுக்கு ஒரு நாள் வேலை. ஸ்கிராப்பில் கிடக்கும் 3 எச்.பி. இம்பெல்லர்கள் மூன்றை எடுத்து, இரண்டைக் குறுக்கேயும் ஒன்றை நெடுக்கேயும் அறுக்கச் சொல்லுங்கள். வெர்னியரை மகளிடம் கொடுங்கள், ஆசாரியைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள். நுழைவாயிலில் இறகுத் தடிமன், வெளிவாயிலில் இறகுத் தடிமன், வெளிவாயிலின் அகலம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு இறகுக்கும் தனித்தனியாக எழுதி, வரைபடத்தில் உள்ள அளவைப் பக்கத்தில் போட்டு எனக்கு அனுப்புங்கள். அழுத்தமானியைச் சரிபார்த்த தேதியையும் அதே தாளில் எழுதுங்கள்.